பன்னிரண்டு நாற்பது

முசஃபாவில், ஒரு போர்ட்டோ கேபினில்,
மாரிசெல் சிவப்புப் பேனாவைத் திறக்கிறாள்.
என் விபத்து அறிக்கையில் ஒன்பது வாக்கியங்கள்.
ஒன்பதுக்கும் முதல் சொல் ஹீ.
ஹீ ஏறினான். ஹீ வழுக்கினான். ஹீ விழுந்தான்.
"சத்தமாப் படி," என்றாள்.
ஹீ. ஹீ. ஹீ.
இடுப்பெலும்பு முறிந்த ஒருவனைப் பற்றி
யாரோ சிரித்துக்கொண்டே எழுதியது போலிருந்தது.

பதினோரு வருடமாக நான் அறிந்த இங்கிலீஷ்
டைம்ஷீட் இங்கிலீஷ்:
பெயர், எண், மணி.
அவளோ சிமெண்ட் டெலிவரி நோட்டின் பின்பக்கம்
வென், வைல், பிகாஸ், ஆல்தோ, அன்லெஸ் என்று
ஐந்து சாவிகளைத் தொங்கவிட்டாள்.
"தலையில் வைத்தால் கமா போடு.
வாலில் வைத்தால் வேண்டாம்."

வால்தான் எனக்குப் புதிது.
தமிழில் காரணம் முன்னாலேயே வந்துவிடும்.
பலகையின் ஆணி கழன்றிருந்ததால்,
புழுதிக்காற்று கண்ணை அடைத்ததால்,
ஃபோர்மேன் கீழிருந்து கத்தியதால் என்று
அத்தனை 'ஆல்'களும் வரிசையில் நின்று முடித்த பிறகுதான்
'விழுந்தான்' கதவைத் திறக்கும்.
இங்கிலீஷில் மனிதன்
இரண்டாம் சொல்லிலேயே விழுந்துவிடலாம்.
காரணம் பின்னால் ஆம்புலன்ஸ் மாதிரி வரும்.
சில நேரம் வராது.

அன்று இரவு கேம்பில்,
கீழ்க்கட்டிலில் பர்வேஸ் குறட்டை விட,
போன் வெளிச்சத்தில் மறுபடி எழுதினேன்.
மதிய ஓய்வு நேரம் அமலில் இருந்தபோது, கமா,
லோக் பகதூர் சாரத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறினான்.
இறங்கும் முன், கமா.
பலகை அசைந்ததும், கமா.
ஹீ ஒன்பதிலிருந்து இரண்டாகக் குறைந்தது.
எனக்கே கொஞ்சம் கர்வம்,
புதுச் சட்டை போட்டவன் போல.

இட்டூப் சாரும் பாராட்டினார்.
"உன் இங்கிலீஷ் எவ்வளவோ இம்ப்ரூவ் ஆயிடுச்சு."
பாராட்டிக்கொண்டே
மதிய ஓய்வு நேரத்தை ஒரே கோட்டில் எடுத்துவிட்டார்.
வாக்கியம் முனகக்கூட இல்லை.
அடுத்த சொல்லின் முதல் எழுத்தைப் பெரிதாக்கினார்,
அவ்வளவுதான், பள்ளம் மூடிவிட்டது.
பிறகு தன் பங்குக்கு ஒரு ஆல்தோ:
பயிற்சி பெற்றிருந்தும், அவன் விழுந்தான்.

ஒரு 'உம்'.
கம்பெனியின் தோளிலிருந்து
லோக் பகதூரின் தோளுக்குப் பழி மாற
அந்த ஒரு 'உம்' போதும்.
தோளாவது அவனுக்கு உடையாமல் இருக்கிறது.

"துணை வாக்கியம் அப்படித்தான்,"
கப் நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றியபடி மாரிசெல் சொன்னாள்.
"பிடுங்கினால் வலிக்காது.
வலிக்கணும்னா அதைத் தனியா நிக்க வை."

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்.
லோக் பகதூருக்குத் தெரிந்த இந்தியில்,
எனக்குப் புரிகிற இந்தியில்:
"பாய், மணி எழுதினியா?"
வேறொன்றும் கேட்கவில்லை. பின்னால் ஒரு டிராலி உருண்டது.

மூன்றாம் வரைவு.
வென்கள் இருக்கின்றன, வைல்கள் இருக்கின்றன,
தலையிலும் வாலிலுமாக, மாரிசெல் சொன்ன வகைவகையாக.
நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் மட்டும்
டைம்ஷீட் இங்கிலீஷில் ஒன்று:
நேரம் பன்னிரண்டு நாற்பது.
கமா இல்லை. எதன் மேலும் சாயவில்லை.
எடுத்தால் ஓட்டை தெரியும்.

சிவப்புப் பேனா அந்த இடத்தில் நின்றது.
சுழிக்கவில்லை.
"வெரைட்டின்னா இதுவும்தான்," என்றாள்.

மூன்று நகல் எடுத்தேன்.
ஒன்றை மடித்து என் பாஸ்போர்ட் ஜெராக்ஸோடு வைத்தேன்.
இரண்டு அவர் மேசையில்.
இட்டூப் சார் கையெழுத்துப் போட்டால்,
போடாவிட்டால்,